நிகழத் தகுந்தது: குளிர் முகப்பும் நாளையைப் பற்றிய அறிவும்

குளிர் முகப்பு ஒரு நிலப்பகுதியைக் கடந்து சென்றதும், அப்பகுதியின் வானிலை அலுவலகம் அடுத்த சில நாள்களுக்கும் வாரங்களுக்கும், சில சமயம் அந்தக் குளிர்காலம் முழுமைக்குமே, முன்னறிவிப்பு தருகிறது. உறைகுளிர் எத்தனை இரவு நீடிக்கும், அடுத்த முகப்பு எப்போது வரும், பனி விழ எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்கிறது. அதைக் கேட்டவர் பயிரை மூடுகிறார், பயணத்தைத் தள்ளிவைக்கிறார், வெளிக் குழாயைத் துணியால் சுற்றுகிறார். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய சொல்லை நம்பி இத்தனையும் நடக்கின்றன.

இந்தச் சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பது பழைய மெய்யியல் கேள்வி. அது அறிவா, ஊகமா? சொன்னபடி நடக்காவிட்டால் அது பொய்யா? நாளை இறைவன் கையில் என்று நம்புகிறவர் அதை எப்படி ஏற்பது? சொன்னது சரியாக இருந்தும் கேட்டவர்கள் வாளாவிருந்தால், விளைந்த கேட்டுக்கு யார் பொறுப்பு? அமெரிக்காவின் டெக்சஸ், ஒக்லஹோமா சமவெளிகள் இக்கேள்விகளை வெட்டவெளிச்சமாக்கும் இடங்கள்.

வடக்கிலிருந்து வரும் காற்று

கனடாவின் வடகோடியிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே எந்த மலையும் இல்லை. ராக்கி மலைத்தொடர் மேற்கில் வடக்கு தெற்காக ஓடுகிறது. அது குளிர்காற்றைத் தடுப்பதற்குப் பதிலாகத் தெற்கு நோக்கி ஒதுக்கிவிடுகிறது. துருவப் பகுதியில் நீண்ட இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று ஒருமுறை நகரத் தொடங்கினால், இச்சமவெளிகளில் வழுக்கிக்கொண்டு வளைகுடாக் கரை வரை வந்துவிடுகிறது. டெக்சஸ் மக்கள் இதை ‘நார்தர்’ என்பார்கள். அடிவானம் கருநீலமாகத் திரண்டு வந்தால் ‘புளூ நார்தர்’.

அது வரும் விதம் மறக்க முடியாதது. நண்பகலில் தெற்கிலிருந்து ஈரமும் வெம்மையும் கலந்த காற்று வீசிக்கொண்டிருக்கும். வயலில் வேலை செய்பவர் மேற்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டிருப்பார். வடக்கு அடிவானத்தில் ஒரு கருநீலக் கோடு தோன்றும். காற்று ஒரு கணம் ஓய்ந்து, பிறகு வடமேற்கிலிருந்து புழுதியோடு பாயும். அதுவரை இறங்கிக்கொண்டிருந்த காற்றழுத்தம் சட்டென்று ஏறும். வெப்பமானி கண்ணெதிரே இறங்கும். 1911 நவம்பர் 11 அன்று ஒக்லஹோமா நகரில் பகல் வெப்பம் சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தொட்டது; அதே நாள் முடிவதற்குள் மைனஸ் 8 டிகிரிக்கு இறங்கியது. அந்தத் தேதிக்கான மிக உயர்ந்த வெப்பமும் மிகக் குறைந்த வெப்பமும் ஒரே நாளில் பதிவாயின.

இந்த எல்லைக்கோட்டுக்கு ‘முகப்பு’ என்ற பெயரைத் தந்தவர்கள் நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள். வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் அங்கே நடத்திவந்த குழுவில் இருந்த அவருடைய மகன் யாக்கோப், நகரும் புயல்களின் அமைப்பை விளக்கும் கட்டுரையை 1919இல் வெளியிட்டார். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. எதிரெதிர்ப் படைகள் மோதும் போர்முனையின் பெயரே, மோதும் இரு காற்றுத் தொகுதிகளின் எல்லைக்கும் வழங்கலாயிற்று. கனத்த குளிர்காற்று ஆப்பு போல வெப்பக்காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. மேலே போன ஈரம் முகிலாகிறது.

முகப்பு கடந்த பிறகுதான் பெரும்பாலும் கடுங்குளிர். வானம் தெளிகிறது, காற்று வறள்கிறது, தரை தன் வெப்பத்தை இரவெல்லாம் வெளியே இழக்கிறது. காற்றும் ஓய்ந்த இரவில் வெப்பம் அடிமட்டத்துக்குப் போகிறது. தரையை ஒட்டிய குளிர்காற்று மெல்லிய படலமாக மட்டும் இருந்து, அதன்மேல் ஈர வெப்பக்காற்று ஏறினால் நிலைமை வேறு: மழைத்துளி தரையைத் தொட்டவுடன் உறைந்து கண்ணாடியாகிறது. 2021 பிப்ரவரி 11 காலையில் ஃபோர்ட் வொர்த் நகர நெடுஞ்சாலையில் அப்படி உறைந்த மேற்பரப்பில் 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி 6 பேர் இறந்தார்கள். சில டிகிரி வேறுபாட்டில், சில நூறு மீட்டர் உயர வேறுபாட்டில், மழை உயிரெடுக்கும் பனிக்கட்டியாகிறது. முன்னறிவிப்பு சொல்ல வேண்டியிருப்பது இத்தகைய வேறுபாடுகளை.

அளவை வாதியின் முகில்

இந்தியத் தருக்க மரபு அறிவுக்கு வழி எது என்று விசாரித்தபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று வானிலை முன்னறிவிப்பு. நியாய சூத்திரம் அனுமானத்தை மூன்றாகப் பகுக்கிறது. அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், திரண்டெழும் முகிலைக் கண்டு மழை வரும் என்று உணர்வதைக் காரணத்திலிருந்து காரியத்தை அறிவதற்குச் சான்றாக்கினார். ஆற்றில் புதுவெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்று உணர்வது காரியத்திலிருந்து காரணத்தை அறிவது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில், வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் அளவை வாதி இதே பகுப்பைத் தமிழில் முதல், எச்சம், பொது என்று எடுத்துரைக்கிறான். கருக்கொண்ட முகில் அங்கேயும் ‘முதல்’ என்பதற்கு உதாரணமாக வருகிறது.

இந்த அனுமானம் நம்பத்தக்கதா என்ற மறுப்பையும் நியாய சூத்திரமே பதிவு செய்கிறது. ஆறு பெருகியது மழையால் இல்லாமல் ஓர் அடைப்பினாலும் இருக்கலாம். எறும்புகள் முட்டையைச் சுமந்து போவது மழை வரப்போவதால் இல்லாமல் புற்று சிதைந்ததாலும் இருக்கலாம். மயிலின் அகவலை ஒரு மனிதன் போலியாக எழுப்பலாம். சூத்திரத்தின் விடை ஆழமானது: அங்கே பிழைத்தது அனுமானம் இல்லை, அடையாளத்தைப் பார்த்தவரின் பார்வை. அடைப்பினால் பெருகிய நீர் ஒரு விதம். நுரையும் சருகும் மரக்கிளையும் கொண்டுவரும் மழைவெள்ளம் வேறு விதம். அடையாளத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும். உயரத்துக்கு ஏற்ப வெப்பத்தை அளக்கப் பலூன் பறக்கவிடும் இன்றைய வானிலையாளர் செய்வதும் இதுதான். மெல்லிய குளிர்ப்படலமா, அடர்ந்த குளிர்த்தொகுதியா என்று பிரித்துப் பார்த்தால்தான் மழையா, உறைமழையா, பனியா என்று சொல்ல முடியும்.

ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதைவிடக் கடினமான கேள்வியை எழுப்பினார். அடையாளம் சரியாகவே இருக்கட்டும். காரணங்கள் எல்லாம் கூடியிருக்கட்டும். அப்போதும் காரியம் பிறப்பதற்குள் இடையில் ஒரு தடை வரலாம். ஆகவே காரணத்திலிருந்து காரியத்தை உறுதியாகப் பெற முடியாது. பெறத்தக்கது ஒன்றே: அந்தக் காரணத் தொகுதிக்கு அந்தக் காரியத்தைப் பிறப்பிக்கும் தகுதி, வடமொழியில் ‘யோக்கியதை’, இப்போதே இருக்கிறது என்பது.

வானிலை முன்னறிவிப்பின் இயல்பை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ‘நாளை இரவு உறைகுளிருக்கு 70 விழுக்காடு வாய்ப்பு’ என்பது இன்றைய வளிமண்டலத்தைப் பற்றிய கூற்று. இன்றுள்ள அழுத்தம், ஈரம், காற்றோட்டம் ஆகியவை கூடிய இந்நிலை நாளை உறைகுளிரை விளைக்க எவ்வளவு தகுந்தது என்பதை அது அளக்கிறது. தமிழ்க் கணிதம் இதற்கு வைத்திருக்கும் சொல் நிகழ்தகவு: நிகழத் தகுந்த தன்மை. தர்மகீர்த்தியின் கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடற்போரும் தசமப் புள்ளியும்

அரிஸ்டாட்டில் இதே கேள்வியை வேறு வாசல் வழியாக அணுகினார். நாளை ஒரு கடற்போர் நடக்கும் என்று ஒருவர் சொல்கிறார்; நடக்காது என்கிறார் இன்னொருவர். இரண்டில் ஒன்று இன்றே உண்மை என்றால் நாளைய நிகழ்ச்சி இன்றே முடிவாகிவிட்டது. பிறகு மனிதர்கள் கூடி யோசிப்பதும் முயல்வதும் வீண். யோசனையும் முயற்சியும் நிகழ்வுகளுக்குக் காரணமாவதைக் கண்முன் காண்பதால், அந்த முடிவை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. போர் நடக்கும் அல்லது நடக்காது என்பது உறுதி. எது என்பது இன்னும் தீரவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடாகப் பெரும்பாலோர் கொள்வது.

லாப்லாஸ் 1814இல் எதிர்முனைக்குச் சென்றார். உலகின் ஒவ்வொரு துகளின் இடத்தையும் அதன்மீது செயல்படும் விசைகளையும் ஒருசேர அறிந்த பேரறிவு ஒன்று இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலம் போலவே வெட்டவெளிச்சமாக இருக்கும் என்றார். அந்தக் கருத்துப்படி நிகழ்தகவு என்பது மனித அறியாமையின் அளவு மட்டுமே.

வளிமண்டலம் லாப்லாஸின் விதிகளுக்கு உட்பட்டதுதான். ஆயினும் அவருடைய பேரறிவை மனிதர் நெருங்க முடியாது என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் தற்செயலாகக் கண்டார். கணினியில் ஓட்டிய ஒரு வானிலைக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் தொடங்க, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணை உள்ளிட்டார். கணினியின் நினைவில் இருந்தது 0.506127. முதலில் இரு கணக்குகளும் ஒட்டி ஓடின; சிறிது நேரத்தில் பிரிந்தன; பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரு வானிலைகளாயின. 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு, விதி மாறாமல் இயங்கும் ஒன்றையும் நெடுந்தூரம் முன்னறிய முடியாமல் போகலாம் என்று காட்டியது. தொடக்க நிலையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் மிஞ்சும் சிறு பிழை பெருகிவிடும். நாள்வாரியான முன்னறிவிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரமே எல்லை என்று இன்று கருதப்படுவது இதனால்தான்.

எனவே முன்னறிவிப்பின் மொழி தூரத்துக்கு ஏற்ப மாறுகிறது. நாளை மறுநாள் பற்றி அது மணியும் டிகிரியும் சொல்கிறது. அடுத்த வாரம் பற்றி வாய்ப்பைச் சொல்கிறது. பருவம் முழுமைக்கும் வரும்போது, சராசரியைவிட வெப்பமா, சராசரியா, குளிரா என்ற மூன்று கூறுகளில் எது எவ்வளவு தகுந்தது என்று மட்டும் சொல்கிறது. பசிபிக் கடலின் வெப்பநிலை போன்ற மெல்ல மாறும் காரணங்களே அதற்கு ஆதாரம். சொல்லின் உறுதி, அறிவின் உறுதியைத் தாண்டாமல் நிறுத்தும் இந்த ஒழுக்கமே முன்னறிவிப்பின் நேர்மை.

தவறிய சொல் பொய்யா?

2020 அக்டோபரில் வெளியான அமெரிக்கக் குளிர்கால முன்னோட்டம், பசிபிக்கில் நிலவிய லா நினா என்ற கடல்வெப்ப நிலையைக் காரணம் காட்டி, டெக்சஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களில் வழக்கத்தைவிட வெப்பமான குளிர்காலத்துக்கே வாய்ப்பு மிகுதி என்றது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் வெப்பம் மைனஸ் 19 டிகிரி. 1949க்குப் பிறகு அப்பகுதியில் அவ்வளவு குளிர்ந்ததில்லை. ஒக்லஹோமா நகரில் மைனஸ் 26. அங்கே 1899க்குப் பிறகு காணாத குளிர்.

முன்னோட்டம் பொய்த்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது சொன்னது பருவத்தின் சராசரியைப் பற்றி. வெப்பம் மிகுந்த குளிர்காலத்துக்குள்ளும் ஒரு கொடிய வாரம் அடங்க இடமுண்டு. மேலும், குளிருக்கு அது வாய்ப்பைக் குறைத்துச் சொன்னதே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. 30 விழுக்காடு என்று சொன்னது நடந்துவிட்டால் அந்த ஒரு நிகழ்ச்சியால் அச்சொல் பொய்யாகாது. அப்படிச் சொன்ன நூறு தடவைகளில் ஏறத்தாழ முப்பது தடவை நடந்திருந்தால் அது வாய்மை. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950இல் இத்தகைய முன்னறிவிப்புகளை மதிப்பிடும் முறையை வகுத்தார். அறியாமையை உறுதியாகக் காட்டுபவருக்கும், தெரிந்ததைத் தயங்கி மழுப்புபவருக்கும் அந்த முறையில் மதிப்பீடு மோசமாகும். தான் எவ்வளவு அறிவேன் என்பதைச் சரியாக அறிந்திருப்பதும் வாய்மையின் ஒரு பகுதி என்ற நெறி ஒரு கணக்காகவே அங்கே அமைந்திருக்கிறது.

நாளை இறைவனுடையது

ஆபிரகாமிய மறைகளில் குளிரும் பனியும் இறைவனின் ஆட்சிக்குச் சான்றுகள். யோபுவின் நூலில் கடவுள், பனியின் களஞ்சியங்களை நீ கண்டதுண்டா என்ற பொருள்பட யோபுவைக் கேட்கிறார். யாக்கோபின் நிருபம், இன்ன ஊருக்குப் போய் ஓராண்டு வணிகம் செய்வோம் என்று உறுதி பேசுவோரைக் கண்டித்து, நாளை நடப்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைவூட்டுகிறது. குர்ஆனின் லுக்மான் அத்தியாயம், மழையை இறக்குபவன் இறைவனே என்றும், நாளை தான் சம்பாதிப்பது எதுவென எந்த உயிரும் அறியாது என்றும் சொல்கிறது.

ஆனால் இதே மறைகள் வானத்தின் குறிகளைப் படிப்பதைத் தடுக்கவில்லை. லூக்கா நற்செய்தியில் இயேசு, மேற்கே முகில் எழுந்தால் மழை என்றும் தென்காற்று வீசினால் வெப்பம் என்றும் மக்கள் சரியாகவே கணிப்பதை ஒப்புக்கொள்கிறார். அந்தக் கூர்மை காலத்தின் குறிகளை உணர்வதில் இல்லையே என்பதுதான் அவருடைய கண்டனம். மழைக்கு முன் வரும் காற்றை நற்செய்தியாக அனுப்புபவன் இறைவன் என்கிறது குர்ஆன். குறி அவன் தந்தது என்றால் அதைப் படிப்பது மீறல் ஆகாது. மறைவானவற்றை அறிவதாக உரிமை கொண்டாடுவது வேறு, கண்முன் இருக்கும் காரணங்களிலிருந்து வாய்ப்பைக் கணிப்பது வேறு என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலர் பிரித்துக் காட்டுவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டைத் தன் தொழிலிலேயே நிறுவியவர் பிரிட்டனின் கடற்படைத் தளபதி ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி 400க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, 1861இல் அவர் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு நாளிதழில் பொது முன்னறிவிப்பும் வந்தது. ஆழ்ந்த பக்தியுள்ள அவர், தான் தருவது தீர்க்கதரிசனம் இல்லை, கணித்துப் பெற்ற கருத்து மட்டுமே என்று வற்புறுத்தினார். அதனாலேயே தன் முன்னறிவிப்புக்கு அவர் புதுப்பெயர் சூட்டினார். சொன்னது தவறியபோதெல்லாம் ஏளனம் அவரைத் தொடர்ந்தது. 1865இல் அவர் இறந்தார். மறு ஆண்டு எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் அவற்றைத் திரும்பக் கேட்டார்கள். சில காலத்திலேயே புயல் எச்சரிக்கை திரும்பி வந்தது. தவற வாய்ப்புள்ள ஒரு சொல்லும் உயிர் காக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

விவிலியமும் குர்ஆனும் பகிர்ந்துகொள்ளும் யோசேப்பின் கதை இந்தச் சமயக் கேள்விக்கு நிறைவான விடை தருகிறது. எகிப்திய அரசனின் கனவிலிருந்து ஏழாண்டு விளைச்சலையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் யோசேப்பு முன்னுரைத்தார். முன்னறிவு கடவுளிடமிருந்து வந்தது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதற்கு அவர் காட்டிய மறுமொழி தானியம் சேர்த்து வைப்பது. பஞ்சம் வருவதை அவர் தடுக்கவில்லை. பஞ்சத்தால் வரும் சாவைத் தடுத்தார்.

அறிந்தவரின் கடமை

டெக்சஸின் 2021 பிப்ரவரி இந்தக் கதையின் மறுபக்கம். பருவ முன்னோட்டம் வேறு திசையைக் காட்டியிருந்தாலும், குறுகிய கால முன்னறிவிப்பு தெளிவாகவே பேசியது. வானிலை அலுவலகங்கள் பல நாள்களுக்கு முன்பே கடுங்குளிரைச் சொல்லின. மாநில மின்வலையமைப்பு பிப்ரவரி 8 அன்றே கடுங்குளிர் பற்றிய அறிவிப்பை வெளியிட்டது. 12ஆம் தேதி ஆளுநர் 254 மாவட்டங்களிலும் பேரிடர் நிலையை அறிவித்தார்.

பிப்ரவரி 15 நள்ளிரவுக்குப் பின் மின்வலை சரியத் தொடங்கியது. எரிவாயுக் கிணறுகளின் வாயில்கள் உறைந்தன. மின்நிலையங்களில் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாய்களில் நீர் உறைந்து கருவிகள் பொய் காட்டின. காற்றாலை இறக்கைகளில் பனி படிந்தது. எரிவாயு இல்லாமல் மின்சாரம் நின்றது. மின்சாரம் இல்லாமல் எரிவாயுவை அனுப்பும் நிலையங்களும் நின்றன. வலையமைப்பு முழுதும் சரிய 4 நிமிடம் 37 விநாடியே மிச்சமிருந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. வீட்டுக்குள்ளேயே உடல் வெப்பம் குன்றி மக்கள் இறந்தார்கள். வெம்மைக்காகக் கொட்டகைக்குள் காரை ஓடவிட்டவர்கள் அதன் புகையால் இறந்தார்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர்.

இதே வகைச் சரிவு 1989இலும் 2011இலும் நேர்ந்திருந்தது. 2011க்குப் பின் வெளியான கூட்டாட்சி அறிக்கை, மின்நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிருக்குக் காப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே இருந்தது. பெருங்குளிர் அரிது, காப்புக்குச் செலவு அதிகம் என்ற கணக்கு வென்றது.

வில்லியம் கிளிஃபோர்டு 1877இல் எழுதிய ‘நம்பிக்கையின் அறநெறி’ என்ற கட்டுரையில் ஒரு கப்பல் உரிமையாளர் வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்கச் செலவாகும் என்பது அவருக்குத் தெரியும். ஐயங்களை ஒவ்வொன்றாக அடக்கி, அது பத்திரமாகப் போய்வரும் என்று மனமாரவே நம்பி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பிக்கை உளமார்ந்தது என்பதால் குற்றம் குறையாது என்கிறார் கிளிஃபோர்டு. அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை. கப்பல் தற்செயலாகத் தப்பியிருந்தாலும் குற்றம் அதேதான். அரிதாக வரும் குளிரை வராது என்று வைத்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும். நிகழ்தகவு சிறிது என்பது இல்லை என்பதற்குச் சமமாகாது. சிறிய வாய்ப்பும் பெரிய இழப்பும் சேருமிடத்தில் கடமை பெரிதாகிறது.

தர்மகீர்த்தியும் அரிஸ்டாட்டிலும் யோசேப்பும் இங்கே ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். குளிர் முகப்பு மனித யோசனையைக் கேட்டு வருவதில்லை. அதைப் பொறுத்தவரை மனிதர் செய்யத்தக்கது அதன் தகுதியை உண்மையாக அளந்து சொல்வது மட்டுமே. ஆனால் குளிரால் வரும் சாவு அரிஸ்டாட்டிலின் கடற்போரைப் போன்றது. இன்னும் தீர்மானமாகாதது, யோசனைக்கும் முயற்சிக்கும் இடம் தருவது. முன்னறிவிப்பு இன்றைய நிலையைப் பற்றிய சொல் என்பதால் அது சுமத்தும் கடமையும் இன்றைக்கே உரியது: கிணற்று வாயிலுக்குக் காப்பு, முதியவர் தனித்திருக்கும் வீட்டுக்கு ஒரு விசாரிப்பு, குழாய் உறையாதிருக்க இரவெல்லாம் சொட்டவிடும் மெல்லிய நீர்த்தாரை. நாளை எப்படி விடிந்தாலும், இவற்றைச் செய்தவர் தாம் அறிந்ததற்கு நேர்மையாக நடந்துகொண்டவர்.